பாரம் இழுத்த ஸ்பிளெண்டர்: எட்டு மாதம் ஓட்டிய பின் என் மதிப்பீடு

ஒட்டன்சத்திரத்தில் வெங்காயமும் பூண்டும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்ற ஒரு வியாபாரியிடமிருந்து, 2018 மாதிரி ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன்பு 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த வண்டி நான்கு ஆண்டுகள் தன் முதுகில் ஓர் இரும்புச் சட்டத்தைச் சுமந்து, அதில் மாட்டிய இரண்டு சக்கர இழுவண்டியை (டிரெய்லரை) இழுத்து ஓடியது. பழனியில் உள்ள என் வேலையிடத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் ஆகிறது. இதுவரை பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டதால், பாரம் இழுத்த வண்டியை வாங்கலாமா, வாங்கினால் என்ன விலைக்கு வாங்கலாம் என்ற கேள்விக்கு இப்போது தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிகிறது. வாங்கலாம், ஆனால் நான் கொடுத்த விலைக்கு வாங்கக் கூடாது.

பாத்திரம், பிளாஸ்டிக் குடம், உப்பு, காய்கறி என்று பைக்கின் பின்னால் வண்டி கட்டி விற்பவர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கட்டத்தில் லோடு ஆட்டோவுக்கு மாறும்போது இழுத்த பைக் சந்தைக்கு வருகிறது. சட்டத்தைக் கழற்றி, கழுவி, இருக்கைக்கு ஒரு புது உறை போட்டுவிட்டால் அது மற்ற ஸ்பிளெண்டர்களோடு ஒன்றாகவே நிற்கும். 97.2 சிசி இன்ஜினும் 112 கிலோ எடையும் கொண்ட இந்த வண்டி, ஓட்டுநரையும் பின்னால் ஒருவரையும் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல் இரண்டு மூட்டை வெங்காயத்தையும் இழுவண்டியின் சொந்த எடையையும் இழுக்கும்போது எந்தப் பாகம் எப்படித் தேய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்த ஒப்பனைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க முடியும்.

இதை வாங்குவதற்கு முன்பு, பழைய வண்டி விற்கும் ஒரு கடையில் அதே ஆண்டு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். பெயிண்ட் பளபளப்பாக இருந்தது, மீட்டர் 31,000 காட்டியது, ஒரே கை ஓட்டிய வண்டி என்றார்கள். எங்கள் குடும்ப வண்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. இருக்கையைக் கழற்றச் சொல்லி, அதன் அடியில் சேஸின், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புக் கூட்டின், இரண்டு குழாய்களும் பின்னோக்கி முடியும் இடத்தில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த குழாயின் அடிப்பக்கத்தில், வெல்டிங் உருகி உறைந்த மேடுபள்ளம் எறும்பு வரிசை போல விரலில் தட்டுப்பட்டது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிப்பாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் லேசாகச் சுரண்டியதும் கருப்புப் பெயிண்டுக்குக் கீழே இன்னொரு கருப்புப் பெயிண்டும், அதற்கும் கீழே துருவும் தெரிந்தன. பாரம் தாங்காமல் விரிசல் விட்ட குழாயை ஒட்டவைத்து, சட்டத்தைக் கழற்றி, மேலே பூசி நிறுத்தியிருந்தார்கள். விலை 43,000 சொன்னார்கள். “இன்ஜினை எப்ப வேணும்னாலும் பிரிச்சுப் போட்டுக்கலாம் தம்பி, சேஸ் போச்சுன்னா வண்டியே போச்சு” என்று வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார். அதன் பிறகு நான் பார்த்த எல்லா வண்டிகளையும் அந்த வாக்கியத்தைக் கொண்டே அளந்தேன்.

வெங்காய வியாபாரி வேறு வகை மனிதர். போனதும் அவரே, “தம்பி, இது பாரம் இழுத்த வண்டி. மறைச்சு விக்க எனக்கு மனசு வரல. ஆளைக் கூட்டிட்டு வந்து பார்த்து எடுத்துக்கங்க” என்றார். கழற்றி வைத்திருந்த இரும்புச் சட்டத்தையும் காட்டினார். அதை அவர் சேஸில் வெல்டிங் வைக்கவில்லை. பின்பக்கக் கேரியரின் போல்ட் துளைகளிலும், சாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலும் ஆங்கிள் இரும்பை முறுக்கிப் பொருத்தியிருந்தார். இந்த ஒரு வேறுபாடு மிக முக்கியமானது. போல்ட்டில் பொருத்திய சட்டம் துளையை அகட்டும், பெயிண்டை உரிக்கும், போல்ட்டை வளைக்கும். குழாயின் இரும்பை உருக்கிப் பலவீனப்படுத்தாது. மெல்லிய குழாயில் வெல்டிங் வைத்தால், ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தாலும், ஒட்டுக்கு அடுத்த இடத்தில் இரும்பின் தன்மை மாறிப் பின்னொரு நாள் அங்கேதான் விரிசல் விழும்.

சேஸ் நேராக இருக்கிறதா என்று அறிய அண்ணன் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போலவே, பின் டயரின் இரு பக்கங்களிலும் நூலை ஒட்டி இழுத்து முன் டயர் வரை கொண்டுவந்தார். ஹேண்டிலை நேராக வைத்ததும், முன் டயருக்கும் நூலுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் இடப்பக்கம் மயிரிழை கூடுதலாக இருந்தது. சேஸ் வளைந்திருக்குமோ என்று நான் பயந்தபோது, அவர் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சேஸில் கோளாறு இல்லை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது. புஷ் மாற்றிய பிறகு மீண்டும் நூல் பிடித்தபோது இரு பக்கமும் சமமாக இருந்தது.

புஷ் ஏன் அப்படித் தேய்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. தனியாக ஓடும் பைக் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. அப்போது பாரம் முழுவதும் டயரின் வழியாக நேர்கோட்டில் தரையில் இறங்குகிறது. பின்னால் இரண்டு சக்கர வண்டியை இறுக்கமாக மாட்டிவிட்டால் பைக் தாராளமாகச் சாய முடியாது. ஓட்டுபவர் ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும். ஒவ்வொரு தெருமுனையிலும் பின்னால் வரும் பாரம் பைக்கின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும், பின் சக்கரத்தின் கம்பிகளும், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். கோன் செட்டைச் சோதிக்க, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும். நடு இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போலச் சிக்கி நின்றால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் பதிந்த தடம் விழுந்துவிட்டது என்று பொருள். என் வண்டியில் அந்தச் சிக்கல் நன்றாகவே தெரிந்தது.

டயர்களும் உண்மையைச் சொல்லும். சாயாமல் ஓடிய வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, ஓரங்களில் புது டயரின் கோடுகளோடு இருக்கும். முன் டயர் வயதுக்குப் பொருந்தாத அளவுக்குத் தேயாமல் இருக்கும், ஏனெனில் பாரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும்போது முன்பக்கம் லேசாகிவிடுகிறது. விற்பவர் எதுவும் சொல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கண்டால் வண்டி எதையோ இழுத்திருக்கிறது என்று கொள்ளலாம். புது டயர் மாட்டி விற்றால் இந்தச் சாட்சி போய்விடும் என்பதால், பழைய வண்டியில் பின் டயர் மட்டும் புதிதாக இருப்பதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை.

மீட்டரைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. என் வண்டியில் அது 52,000 காட்டியது. தெருவுக்குத் தெரு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்ந்த வண்டிக்கு அந்த எண்ணால் என்ன பொருள் இருக்க முடியும்? ஒரு கிலோமீட்டருக்குள் இருபது முறை கிளட்ச் பிடித்து விட்டிருப்பார்கள். நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய வண்டியின் கிளட்ச் இதைவிட நன்றாக இருக்கலாம்.

கிளட்சைச் சோதிப்பது எளிது. சமதளச் சாலையில் நான்காம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்க வேண்டும். இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து, வண்டி சோம்பலாகவே நகர்ந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை வாங்கும் முன்பே உணர்ந்துவிட்டேன், அதனால் அதற்கு விலையும் குறைத்தேன். ஆனால் கிளட்ச் மூடியைத் திறந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். ஸ்பிளெண்டரில் ஆயிலின் அழுக்கைச் சுழற்றி ஒதுக்குவதற்குச் சிறு கிண்ணம் போன்ற ஒரு வடிகட்டி உண்டு. ஆயில் மாற்றும்போது அதை எவரும் திறப்பதில்லை. அதன் உள் ஓரத்தில் சுண்டு விரல் தடிமனுக்குக் கருங்களி படிந்திருந்தது. அண்ணன் அதைச் சுரண்டிக் காகிதத்தில் தடவியபோது, கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிர்ந்த துகள்கள் வெயிலில் மினுமினுத்தன. நான்கு ஆண்டு உழைப்பின் கணக்கு அந்தக் காகிதத்தில் இருந்தது. இழுத்த வண்டியை வாங்குவோர் முதல் ஆயில் மாற்றத்தின்போதே அந்த மூடியைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். வேலைக்கூலி சற்றுக் கூடினாலும் இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இன்ஜினைப் பொறுத்தவரை, இந்த மாதிரியின் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். அதன் தலை முன்னோக்கி இருப்பதால் ஓடும்போது அடிக்கும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. சித்திரை வெயிலில் ஆள் நடக்கும் வேகத்தில் பாரம் இழுக்கும்போது அந்தக் காற்று கிடைக்காது. சூடேறிய ஆயில் நீர்த்துப் போய், அந்த ஆயில் எரியும் அறைக்குள் போகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் சீக்கிரம் தளரும். உள்ளே போன ஆயில் எரிந்து நீலப்புகையாக வரும். காலையில் முதல் உதையில் சைலன்ஸரிலிருந்து நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே விற்பவர் வீட்டுக்கு விடியற்காலையில், வண்டியை அவர் எடுக்கும் முன்பே போக வேண்டும். இன்ஜினைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நான் மாலை நேரத்தில் போனேன். வண்டி ஏற்கெனவே சூடாக இருந்ததால் புகை தெரியவில்லை. அதன் விலையை மூன்று மாதம் கழித்துக் கொடுத்தேன்.

செயின் விஷயத்தில் ஸ்பிளெண்டருக்கு ஒரு சிறப்பு உண்டு. செயின் முழுவதும் மூடிக்குள் இருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. மூடியில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு விரலை விட்டு மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் தொய்வு தெரியும். ஆனால் தொய்வை விற்பவர் முந்தின நாளே இழுத்துச் சரி செய்திருக்க முடியும். எனவே பின் அச்சு, ஸ்விங் ஆர்மில் உள்ள நீள்துளையின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றால் செயின் நீண்டு முடிந்துவிட்டது. இனி இழுக்க இடமில்லை. பிரேக்கும் அப்படியே. பின்னால் வரும் வண்டிக்குத் தனிப் பிரேக் கிடையாது என்பதால், மொத்தப் பாரத்தையும் நிறுத்திய வேலை பைக்கின் 130 மில்லிமீட்டர் பிரேக் டிரம்முக்கே வந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். டிரம்மின் உள்பக்கத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்ததால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது.

இனி கணக்கு. வாங்கிய வாரத்தில் பின் டயருக்கும் டியூபுக்கும் 1,900, பின் சாக் அப்சார்பர் இரண்டுக்கும் 1,700, செயின் செட்டுக்கு 1,100, கிளட்ச் பிளேட்டுக்கு 900 ரூபாய் ஆயின. கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், பிரேக் ஷூ, லேத் வேலை, ஹப்புக்குள் இருக்கும் ரப்பர், இழுவண்டிக்கு விளக்கு எடுப்பதற்காக வெட்டி ஒட்டியிருந்த பின்விளக்கு ஒயர், ஆயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,240. வேலைக்கூலி 1,500. ஆக 9,340 ரூபாய். மூன்று மாதத்தில் நீலப்புகை வெளிப்பட்டு, ரிங்கும் வால்வு சீலும் மாற்ற 3,400 ரூபாய் ஆனது. வண்டியின் அடக்க விலை 40,740. முதலில் பார்த்த கடையில் சொன்ன விலைக்கே எதையும் இழுக்காத ஒரு நல்ல வண்டி வேறோர் இடத்தில் எனக்குக் கிடைத்திருக்கும். ஆக நான் மிச்சப்படுத்தியது 2,260 ரூபாய் மட்டுமே. இரண்டு வாரம் பட்டறையில் வண்டி நின்றதையும், அந்நாட்களில் பேருந்துக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் அதுவும் இல்லை.

எனவே என் கணிப்பு இது: அதே ஆண்டு மாதிரியில் சாதாரணமாக ஓடிய வண்டியின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் கழியுங்கள், ரிங் வேலையையும், இப்போது தேவைப்படாவிட்டாலும், கழியுங்கள், அதற்கு மேலும் ஆறாயிரமாவது குறைந்தால்தான் இழுத்த வண்டியை வாங்குவதில் பொருள் உண்டு. எனக்கு 24,000 சரியான விலையாக இருந்திருக்கும். வியாபாரி நேர்மையாக எல்லாவற்றையும் சொன்னதால் மனம் இளகி, பேரம் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டேன். அவர் நேர்மைக்கு நான் கொடுத்ததாகவே கூடுதலாகப் போன நான்காயிரத்தை நினைத்துக்கொள்கிறேன், வருத்தமில்லை. ஆனால் பணத்தை எண்ணி வாங்குவோர் அதையும் எண்ண வேண்டும். சேஸில் வெல்டிங் இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆவணங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. எனவே இழுவைக்கான இரும்புச் சட்டம் முழுவதையும் கழற்றிய பிறகே வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள். “இருக்கட்டும், உதவும்” என்று தந்தாலும் வாங்க வேண்டாம். சேஸ் எண் ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்தை உடனே முடித்துவிடுவது இருவருக்கும் நல்லது, ஏனெனில் விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிலுவையில் அபராதம் இருக்கிறதா என்பதையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். என் வண்டிக்கு இரண்டு இருந்தன. வியாபாரி அன்றே கட்டினார்.

இப்போது வண்டி எப்படி ஓடுகிறது? வாங்கியபோது லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்தது, ரிங் வேலைக்குப் பிறகு 60-ஐத் தொடுகிறது. கிளட்ச் உறுதியாகப் பிடிக்கிறது. கடந்த மாதம் மனைவியைப் பின்னால் அமரவைத்துக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறினேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலும் சில இடங்களில் முதல் கியரிலும் ஏறியது. வளைவுகளில் பின்பக்கம் சற்றும் ஆடவில்லை, மேலே நின்றபோது கருகிய வாடையும் இல்லை. தீராத குறை ஒன்று உண்டு. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது ஹேண்டிலில் ஒரு மெல்லிய நடுக்கம் வருகிறது. பின் சக்கரக் கம்பிகளை இரண்டு முறை இழுத்துக் கட்டியும் அது முழுதாகப் போகவில்லை. ரிம்மில் மிகச் சிறிய கோணல் இருக்கிறது, அடுத்த டயர் மாற்றும்போது ரிம்மையும் மாற்றிவிடலாம் என்கிறார் அண்ணன்.

இழுவைச் சட்டம் இருந்த கேரியர் துளைகள் நீள்வட்டமாக அகன்றுவிட்டதால், அவற்றில் பெரிய வாஷர் வைத்துப் போல்ட் முறுக்கியிருக்கிறோம். மாதம் ஒரு முறை இருக்கையைக் கழற்றி, குழாய் முனைகளைத் துணியால் துடைத்து, விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.